பேகம் ரொக்கேயா: பள்ளிக்கூடம், பஸ், பேனா (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரொக்கேயா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1880 டிசம்பர் 9 அன்று ரங்பூர் மாவட்டத்தின் பாய்ராபந்த் கிராமத்தில் ஒரு ஜமீன்தார் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. முஸ்லிம் பெண்களுக்கென்று பள்ளி நடத்தியவர், பெண்கள் சங்கம் தொடங்கியவர், வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1932 டிசம்பர் 9 அன்று, பிறந்த அதே தேதியில், கல்கத்தாவில் காலமானார். இருந்தது சரியாக 52 ஆண்டுகள்.

நம் ஊரில் ருகையா என்று வைக்கும் பெயர்தான் வங்காளிகள் வாயில் ரொக்கேயா ஆகிறது. தன் ஆங்கில எழுத்துகளில் அவர் போட்டுக்கொண்டது "மிஸஸ் ஆர். எஸ். ஹுசைன்". பழைய இதழ்களில் தேடுபவர்கள் இந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். "பேகம்" என்பது பின்னால் வந்தவர்கள் மரியாதைக்குச் சேர்த்தது.

பள்ளிக்கூடமே போகாதவர் எப்படி இவ்வளவு படித்தார்?

வீட்டில் அரபி, பாரசீகம், உருது மூன்றுக்கும் இடம் இருந்தது. ஆனால் பெண்பிள்ளைகள் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கக் கூடாது. அக்கா கரீமுன்னிசா தம்பிமார் படிப்பதைப் பார்த்துத் தானாகவே வங்காள எழுத்தைக் கற்றுக்கொண்டார். உறவினர் வாய்க்குப் பயந்து அந்தப் படிப்பை நிறுத்தி, சிறு வயதிலேயே கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். அவர்தான் ரொக்கேயாவுக்கு வங்காளத்தில் முதல் எழுத்தைக் காட்டியவர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் மூத்த அண்ணன் இப்ராஹிம் சாபேர். வீடு தூங்கிய பிறகு, மெழுகுவத்தி வெளிச்சத்தில்.

கல்யாணத்துக்குப் பிறகு வங்காளம் வேறு வகையில் ஆபத்துக்கு உள்ளானது. கணவர் சகாவத் ஹுசைன் பீகார்க்காரர், வீட்டுமொழி உருது. பாகல்பூரில் 14 ஆண்டுகள், கல்கத்தாவில் உருதுப் பள்ளி நடத்தியபடி 11 ஆண்டுகள் என்று வங்காளப் பேச்சே காதில் விழாத சூழலில் வாழ்ந்தும் அந்த மொழியை மறக்காமல் காத்ததை, 'மோதிச்சூர்' என்ற தன் கட்டுரைத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை அக்காவுக்குக் காணிக்கையாக்கும்போது அவரே குறிப்பிடுகிறார். வங்காள உரைநடையில் இன்றும் கூர்மையாக நிற்கும் எழுத்து, மொழியை இப்படிப் பிடித்து வைத்திருந்த ஒருவருடையது.

கணவர் தடையாக இருந்தாரா?

இல்லை. துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த அவர் இங்கிலாந்து சென்று வந்தவர். மனைவியை இழந்து மறுமணம் செய்தவர். ரொக்கேயாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். எழுதச் சொன்னவர் அவர். பெண்கள் பள்ளிக்கென்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்தவரும் அவர். 1909 மே 3 அன்று இறந்தார்.

இல்வாழ்க்கை இன்பமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, ஒன்று ஐந்து மாதத்திலும் மற்றொன்று நான்கு மாதத்திலும் போய்விட்டன. கடைசி ஆண்டுகள் முழுக்க நீரிழிவில் பார்வையும் இழந்த கணவருக்குப் பணிவிடை செய்வதிலேயே கழிந்தன.

பள்ளியை எப்போது, எப்படித் தொடங்கினார்?

கணவர் இறந்து ஐந்தே மாதத்தில். 1909 அக்டோபர் 1, பாகல்பூர், ஐந்து மாணவிகள். அவருக்கு அப்போது வயது 28. சொத்துத் தகராறு முளைத்தது. கணவரின் முதல் தாரத்து மகளும் மருமகனும் கொடுத்த நெருக்கடியில் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. பள்ளியும் முடங்கியது.

1911 மார்ச் 16 அன்று கல்கத்தாவில், 13 வலியுல்லா சந்து என்ற முகவரியில், எட்டு மாணவிகளோடு மறுபடியும் திறந்தார். கணவர் நினைவாக சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி என்று பெயர். 1915இல் மாணவிகள் 84. 1917இல் நடுநிலை ஆங்கிலப் பள்ளியானது, அந்த ஆண்டு வைசிராயின் மனைவி செம்ஸ்ஃபோர்டு சீமாட்டி வந்து பார்வையிட்டார். ரொக்கேயா இறப்பதற்குச் சற்று முன்பு உயர்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது. அரசுப் பள்ளியாக இன்றும் கல்கத்தாவின் லார்டு சின்ஹா சாலையில் நடக்கிறது.

அவர்தான் வங்காளத்தில் முஸ்லிம் பெண்களுக்கு முதல் பள்ளி தொடங்கியவரா?

பல இடங்களில் அப்படி எழுதுகிறார்கள், தவறு. நவாப் ஃபைஸுன்னிசா சௌதுராணி 1873இலேயே கொமில்லாவில் பெண்கள் பள்ளி தொடங்கியிருந்தார். 1849இல் கல்கத்தாவில் தொடங்கிய பெத்தூன் பள்ளி இந்துப் பெண்களுக்கானது. ரொக்கேயாவின் பெருமை "முதல்" என்பதில் இல்லை. பள்ளியை 21 ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளும் கைவிடாமல் நடத்தி, தன் மறைவுக்குப் பிறகும் நடக்கும்படி நிறுத்திவிட்டுப் போனதில் இருக்கிறது. தொடங்குவது ஒரு நாள் வேலை. மூடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது பள்ளி நடத்தியவர்களுக்குத் தெரியும்.

பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

குர்ஆன் ஓதுதலும் அதன் பொருளும், உருது, பாரசீகம், ஆங்கிலம். இவற்றோடு சமையல், தையல், வீட்டில் நோயாளியைப் பராமரித்தல், முதலுதவி, உடற்பயிற்சி, இசை. பயிற்றுமொழி உருது. வங்காளியான அவர் வங்காள வகுப்பும் வைத்துப் பார்த்தார். சேர்வதற்குப் போதிய மாணவிகள் இல்லை. கல்கத்தாவின் மேட்டுக்குடி முஸ்லிம் வீடுகளில் உருதுதான் கௌரவ மொழி.

குர்ஆனைப் பொருளோடு சொல்லிக்கொடுத்தது பெற்றோரைச் சமாதானப்படுத்த மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஓதவைப்பதை அவர் எழுத்தில் பல இடங்களில் கண்டித்திருக்கிறார்.

ஆசிரியைகள் எங்கிருந்து கிடைத்தார்கள்?

கல்கத்தாவில் கிடைக்கவில்லை. பெண்கள் பள்ளிக்கே போகாத சமூகத்தில் ஆசிரியை எங்கிருந்து வருவார்? மதராஸ், கயா, ஆக்ரா என்று வெளியூர்களிலிருந்து வரவழைத்தார். இது நிரந்தரத் தீர்வாகாது என்பது அவருக்குத் தெரியும், அதனால் அரசை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1919இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி வந்தது அந்த வற்புறுத்தலின் பயன்.

அவரும் முன்பு வகுப்பறை கண்டவர் அல்லர். கல்கத்தாவின் மற்றப் பெண்கள் பள்ளிகளுக்குப் போய், பாடம் எப்படி நடக்கிறது, நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக் கற்றார்.

பள்ளி நடத்துவதில் மிகப் பெரிய தொல்லை எது?

பணமோ பாடப் புத்தகமோ என்று நினைப்பீர்கள். வண்டிதான். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, தெருவில் யார் கண்ணிலும் படாமல் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள். வண்டி இல்லையென்றால் மாணவி இல்லை, மாணவி இல்லையென்றால் பள்ளி இல்லை.

1931இல் நூலாக வந்த 'அபரோத்பாசினி'யில் (அடைபட்டு வாழ்பவள்) கடைசியாக, 47ஆவது நிகழ்வாக, பள்ளிக்கு மோட்டார் பஸ் வந்த கதையைச் சொல்கிறார். பஸ் நான்கு பக்கமும் மூடியது. பின்கதவுக்கு மேலே ஒரு துண்டு கம்பி வலை, முன்பக்கம் மேலே இன்னொரு துண்டு. அகலம் 3 அங்குலம், நீளம் ஒன்றரை அடி. காற்று வர இருந்த வழி அவ்வளவுதான். முதல் நாள் பிள்ளைகளைக் கொண்டுவிட்ட வேலைக்காரம்மா வந்து சொன்னது: உள்ளே தாங்க முடியாத சூடு, பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், சின்னதுகள் இருட்டைக் கண்டு அழுதன. மறுநாள் பக்கக் கதவுகளின் மறைப்பைத் திறந்து வண்ணத் திரைச்சீலை மாட்டினார்கள். அப்போதும் சிலர் மயங்கினார்கள், சிலருக்குத் தலைவலி.

பார்க்க வந்த ஒரு இந்துத் தோழி, தெருவில் அலமாரி ஒன்று நகர்ந்து போகிறதோ என்று நினைத்தேன் என்றார். அவருடைய அண்ணன் மகனோ அதற்கு "நகரும் இருட்டறை" என்று பெயரே வைத்துவிட்டானாம். 1756இல் ஆங்கிலேயக் கைதிகள் பலர் மூச்சுமுட்டி இறந்த சிறு சிறையறைக்குக் கல்கத்தாவில் வழங்கும் பெயர் அது. மூன்றாம் நாள் மாணவிகளின் தாய்மார் நாலைந்து பேர் வந்து, எங்கள் பிள்ளைகளை உயிரோடு புதைக்கிறீர்களே என்று சண்டை பிடித்தார்கள். இப்படி மூடாவிட்டால் பர்தா இல்லாத வண்டி என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்று இவர் கேட்டார்.

அன்று மாலைத் தபாலில் நான்கு கடிதங்கள். ஒன்று ஆங்கிலத்தில், "இஸ்லாமியச் சகோதரன்" என்ற கையொப்பத்துடன். மூன்று உருதுவில்: இரண்டு மொட்டைக் கடிதம், ஒன்றில் ஐந்து பேர் கையெழுத்து. நான்கிலும் ஒரே செய்தி. திரை காற்றில் ஆடுகிறது, வண்டி பர்தா இழந்துவிட்டது, நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதிப் பிள்ளைகள் வருவதை நிறுத்துவோம்.

கதவை மூடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், திறந்தால் பள்ளிக்கு மூச்சு முட்டும். அவருடைய பணியை ஒரே பக்கத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

அவர் பர்தாவை எதிர்த்தாரா, ஆதரித்தாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் தேடுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அவர் இரண்டு சொற்களைப் பிரித்தார். பர்தா வேறு, அபரோத் வேறு. பர்தா என்பது அடக்கமான உடை. அபரோத் என்பது அடைத்துவைத்தல். வெளியே போகும்போது அவரும் புர்கா அணிந்தார், புர்கா முன்னேற்றத்துக்குத் தடையில்லை என்று கட்டுரையும் எழுதினார். அந்த உடையோடு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கேட்டார்.

அடைத்துவைத்தலை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. ஐந்து வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் வெளிப்பெண்கள் கண்ணில்கூடப் படாமல் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை இப்படி மேல்மாடியில் நாட்கணக்கில் பதுங்கியிருந்தபோது, சோறு தண்ணீர் கிடைத்ததா என்று பார்க்க நாலு வயது மருமகப்பிள்ளை ஒருவனைத் தவிர ஆளில்லை. இன்னொரு நிகழ்வு பீகாரின் கியூல் ரயில் சந்திப்பில் நடந்தது. ரயில் மாறும்போது கணவர்வழி உறவுப் பெண் ஒருவர் புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். தூக்க வந்த ஆண்களை, அம்மாவைத் தொடாதீர்கள் என்று தடுத்துவிட்டாள் வேலைக்காரி. அவளால் தனியே தூக்கவும் முடியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்த ரயில் கிளம்பியது. நசுங்கிய அந்த அம்மாள் பல மணி நேரம் துடித்து இறந்தார்.

சம்பாத்தியம் பற்றி என்ன சொன்னார்?

கல்வி வேலைக்கு அல்ல, குணத்துக்கு என்று பெண்கல்வி ஆதரவாளர்களே பேசிய காலம் அது. ரொக்கேயா அப்படிப் பசப்பவில்லை. சொந்தக் காலில் நிற்பதற்கு எது தேவையோ அதைச் செய்வோம் என்றார்: குமாஸ்தா, மாஜிஸ்திரேட், பாரிஸ்டர், நீதிபதி, ஏன் வைசிராய் வரைக்கும். அலுவலக வேலை கிடைக்காவிட்டால் வயலில் இறங்கலாம். கணவன் வீட்டில் கொட்டும் உழைப்பை ஒரு சொந்தத் தொழிலில் கொட்டினால் என்ன என்று கேட்டார். நகைகளை அடிமைச் சின்னம் என்றார். வளையலை விலங்கோடும், மூக்குத்தியை மாட்டின் மூக்கணாங்கயிற்றோடும் ஒப்பிட்டார்.

வீட்டோடு இருப்பவர்களுக்கும் அவர் கணக்குப் போட்டார். நல்ல இல்லத்தரசியாக இருக்கவே தோட்டக்கலை, வேதியியல், வெப்பம் பற்றிய அறிவு மூன்றும் வேண்டும் என்பது அவர் வாதம். காய்கறி வளர்ப்பதற்கு முதலாவது, சமைப்பதற்கு மற்ற இரண்டும். பெண்ணைச் சமையலறையில் நிறுத்த விரும்புபவர்களிடமே, அப்படியானால் அறிவியல் சொல்லிக்கொடுங்கள் என்று திருப்பிக் கேட்ட சாமர்த்தியம் இது.

கிராமத்து ஏழைப் பெண்களைப் பற்றி எழுதினாரா, மேட்டுக்குடிப் பெண்களைப் பற்றி மட்டுமா?

எழுதினார், அதிகம் பேசப்படாமல் போன நல்ல எழுத்து அது. 'சாஷார் துக்கு' (உழவனின் துன்பம்) என்ற கட்டுரையில் ஜமீரன் என்ற உழவர் வீட்டுப் பெண் வருகிறாள். அடர்ந்த நீண்ட கூந்தல், ஒரு தடவைக்கு அரைக்கால் சேர் எண்ணெய் பிடிக்கும். தலை தேய்க்கும் நாளில் தாய் அவளை ஜமீன் வீட்டுக்கு அழைத்து வருவாள், அங்கே எண்ணெய் கொடுப்பார்கள். சேர் எண்ணெய் இரண்டணா விற்ற காலத்திலேயே அந்தத் தாயால் காலணாவுக்கு எண்ணெய் வாங்க முடியவில்லை. விலைவாசிக்கு முதல் உலகப் போர்தான் காரணம் என்று சொன்னவர்களுக்கு அவர் வைத்த எதிர்ச்சான்று இந்தக் கூந்தல்.

அதே கட்டுரையில் எரி பட்டு வருகிறது. வங்காளத்தில் எண்டி என்பார்கள். ஆமணக்கு இலை தின்னும் புழு. அதன் கூடு ஒரு முனையில் திறந்திருப்பதால் மல்பெரிப் பட்டுப்போல ஒரே இழையாக இழுக்க வராது, பஞ்சுபோல நூற்க வேண்டும். அதனால் பெரிய கருவி எதுவும் வேண்டாம், தக்களி போதும். ரங்பூர், அசாம் பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகும்போதுகூடத் தக்களியைக் கையில் வைத்து நூற்றுக்கொண்டே நடப்பார்கள் என்கிறார். அந்தத் துணி ஃபிளானலுக்கு இணையான கதகதப்பு, 40 ஆண்டு உழைக்கும், நாலைந்து போர்வை இருந்தால் கம்பளியோ மெத்தை விரிப்போ தேவைப்படாது. பிறகு மலிவான வண்ணத் துணி சந்தைக்கு வந்தது, தக்களி பரணுக்குப் போனது. துணிக்கு உடம்பு உழைப்பு மட்டும் தந்த குடும்பம், இப்போது காசு தர வேண்டும். காசு ஏது? ஊருக்கு ஊர் பள்ளி, வீட்டுக்கு வீடு ராட்டையும் தக்களியும் என்று அவர் கேட்டது இந்தக் கணக்கில்தான். பள்ளியையும் நூற்பையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

பள்ளிக்கு வெளியே அமைப்பு ஏதும் நடத்தினாரா?

1916இல் அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம் என்ற முஸ்லிம் பெண்கள் சங்கத்தை கல்கத்தாவில் தொடங்கினார். கைம்பெண்களுக்குப் பண உதவி, ஏழைப் பெண்களின் திருமணச் செலவு, சேரிப் பெண்களுக்கு எழுத்தும் கைத்தொழிலும். 1924இல் வந்த 'பத்மராக்' நாவலில் தாரிணி பவன் என்ற இல்லம் வரும். பள்ளி, தொழிற்கூடம், மருத்துவமனை, ஆதரவற்றோர் விடுதி எல்லாம் ஒரே வளாகத்தில். மதம் பார்க்காமல் பெண்கள் சேர்ந்து நடத்துவார்கள். பள்ளியிலும் சங்கத்திலும் கைகூடாததை நாவலில் கட்டிவைத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

அவருடைய 'சுல்தானாவின் கனவு' கதை சென்னையில் வெளியானதா?

ஆம். 1905இல், மதராஸிலிருந்து கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில மாத இதழில் வந்தது. மூன்றாண்டு கழித்து, 1908இல், கல்கத்தாவில் நூலானது.

கதை நடப்பது பெண்கள் ஆளும் நாட்டில். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள். இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று பலூனிலிருந்து குழாய் வழியாக மேகத்தின் நீரை எடுக்கக் கண்டுபிடிக்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. அடுப்பில் கரி இல்லை, புகை இல்லை. படையெடுத்து வந்த பகைவர்களைத் தலைமையாசிரியையும் 2,000 மாணவிகளும் சூரியக் கதிரைக் குவித்துத் துரத்துகிறார்கள். 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் இல்லை. அலுவலக வேலை ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம். ஆண்களுக்கு ஏழு மணி நேரம் ஏன் தேவைப்பட்டது? ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளுக்கு 12 சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போயிற்று என்று கணக்குச் சொல்கிறாள் ஒரு பாத்திரம். ஆங்கில மூலத்தில் சுருட்டுக்கு அவர் எழுதியிருப்பது நம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அதே சொல்.

கணவர் ஊரில் இல்லாத இரண்டு நாளில் பொழுதுபோக எழுதியது. திரும்பி வந்தவர் நின்றபடியே முழுதும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்" என்றாராம்.

அவர் எழுத்திலிருந்து பகுதிகள் நீக்கப்பட்டன என்பது உண்மையா?

உண்மை. 1904இல் 'நபநூர்' இதழில் "நம் தாழ்வு" என்ற பொருளில் வந்த கட்டுரை, 'மோதிச்சூர்' தொகுப்பில் "பெண்ணினத்தின் தாழ்வு" என்று பெயர் மாறிச் சேர்ந்தபோது ஐந்து பத்திகள் காணாமல் போயின. மதச் சட்டங்களை ஆண்களே இயற்றினார்கள் என்று நேராகச் சொன்ன பத்திகள் அவை. நீங்கள் படிக்கும் பதிப்பு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகுப்பை மட்டும் படித்து ரொக்கேயா மதத்தைத் தொடவே இல்லை என்று முடிவுகட்டுவதும், இதழ்ப் பதிப்பை மட்டும் படித்து அவர் மதத்தையே மறுத்தார் என்பதும், இரண்டுமே நடக்கின்றன.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதலில் 'சுல்தானாவின் கனவு', ஒரே அமர்வில் முடியும். அடுத்து 'அபரோத்பாசினி'. 47 நிகழ்வுகள், பல அரைப் பக்கம்கூட இல்லை, ஆனால் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், மனம் தாங்காது. மூன்றாவதாக 'மோதிச்சூர்' கட்டுரைகள். அதில் "பாதியுடல்" என்ற பொருள்படும் 'அர்த்தாங்கி'யை விட்டுவிடாதீர்கள். ஒரு சக்கரம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும் வண்டி முன்னே போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும் என்று காட்டுவார். நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: திருமண ஆண்டு சில நூல்களில் 1896, சிலவற்றில் 1898 என்று இருக்கும். ஒன்றை எடுத்தால் அதையே கடைசிவரை பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஆண்டுக் கணக்குகள் இடிக்கும்.

அவர் நினைவாக இன்று என்ன இருக்கிறது?

வங்கதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கேயா நாள். அன்று அவர் பெயரில் பெண்களுக்கு அரசு விருது வழங்கப்படுகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதிக்கு ரொக்கேயா ஹால் என்று பெயர். அடக்கம் செய்யப்பட்டது கல்கத்தாவுக்கு வடக்கே சோதேப்பூரில். இறப்பதற்கு முந்தைய இரவு வரை எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் பாதியில் நின்ற கட்டுரையின் தலைப்பு 'பெண்ணின் உரிமை'.